மிண்டா, உபுண்டுவா, டெபியனா, ஃபெடோராவா? யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய லாப்டாப்புக்கு எதைப் போடுவது

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. அதற்குப் பிறகு என்னிடம் லாப்டாப்போடு வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "விண்டோஸ் அடிச்சுத் தருவீங்களோ?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "லினக்ஸ் போட்டால் ஓடுமாமே, எந்த லினக்ஸ் நல்லது?" என்கிறார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். தலைப்பிலுள்ள நான்கும் அதன் வெவ்வேறு வகைகள்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில். ஆகவே அதற்கு முன் வாங்கிய கணினிகள் அநேகமாக எல்லாமே வாசலில் நின்றுவிடும். மைக்ரோசொப்ட் கணக்கில் பதிந்தால் விண்டோஸ் 10க்கே 2026 ஒக்டோபர் வரை அப்டேட் நீளும். அது ஒரு வருட அவகாசம், அவ்வளவுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது லாப்டாப் விலை என்ன ஆனது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்மையில் இந்தக் கேள்வியோடு வந்த நான்கு பேரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒருவர் கொக்குவிலில் ஓய்வுபெற்ற மாமா. பிரான்சில் இருக்கும் மகன் வந்தபோது விட்டுச்சென்ற 4 ஜிபி மெமரி லாப்டாப் அவருடையது. அடுத்தவர் சுன்னாகத்தில் உயர்தர ஐசிடி வகுப்பு நடத்தும் ஆசிரியர். அவரிடம் எட்டுப் பழைய டெஸ்க்டொப்கள் இருக்கின்றன. மூன்றாமவர் திருநெல்வேலியில் கம்பஸுக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் அக்கா. நான்காமவர் புதிய லாப்டாப்போடு வந்த ஒரு கம்பஸ் பெடியன். நால்வருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

## எதை வைத்து நிறுப்பது

இணையத்தில் உள்ள ஒப்பீடுகள் அழகு, வேகம், புதுமை என்று தொடங்கும். இங்கே ஒருவர் லினக்ஸைப் போட்டு இரண்டு கிழமையில் கைவிடுவது அந்தக் காரணங்களால் அல்ல. போட்ட மறுநாள் வைஃபை வராது, பிரின்டர் அசையாது, தமிழ் அடிக்க வழி தெரியாது, கேட்க ஆளில்லை. அதனால் என் அளவுகோல்கள் வேறு.

டேட்டா. மென்பொருளுக்குக் காசு இல்லை. அதை இறக்கும் டேட்டாவுக்குக் காசு உண்டு. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு 6 ஜிபி கோப்பு ஒரு பொருட்டல்ல. ரீலோட் போட்டு, போனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுப்பவருக்கு அது பெரிய தொகை. முதல் இறக்கம் ஒருநாள் செலவு, அதை இரவு டேட்டாவிலோ நண்பர் வீட்டிலோ முடித்துவிடலாம். பின்னால் மாதாமாதம் வரும் அப்டேட்தான் கணக்கில் பிடிபடாமல் போகிறது. எதைப் போட்டாலும், வலையமைப்பு அமைப்புக்குள் போய் அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்துவிடுங்கள். தானாக இறங்கும் அப்டேட்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கும்.

வைஃபை. பழைய லாப்டாப்களில் இன்டெல் வைஃபை இருந்தால் கவலையில்லை. பிரோட்கொம் பிசிஎம்43142, சில ரியல்டெக் சிப்கள் இருந்தால்தான் வேலை. வைஃபைக்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்த இடத்தில் மனமுடைந்து நின்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வழி எளிது. அன்ட்ரொயிட் போனை சார்ஜ் கேபிளால் லாப்டாப்பில் செருகி, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையமே கேபிள் வழியாக வரும். சிம் டேட்டா செலவாகாது.

பிரின்டர். இதைத்தான் எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். நம் பக்கத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்னமும் நிற்கும் கேனன் எல்பிபி 2900, கெப்ட் என்ற தனி மொழியில் பேசும் பிரின்டர். லினக்ஸில் அதை ஓட்டும் வழிகள் உண்டு, ஆனால் ஒரு அப்டேட்டுக்குப் பிறகும் அது ஓடும் என்று நம்பிக் கடை நடத்த முடியாது. எச்பி லேசர்ஜெட் 1020 கேபிளைச் செருகியவுடன் வேலை செய்யாது, எச்பியின் மேலதிகச் செருகுநிரலை இறக்க வேண்டும், இறக்கினால் ஒழுங்காக ஓடும். எப்சன் எல் வரிசை மைத்தொட்டிப் பிரின்டர்களுக்கு டிரைவர் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. எந்த லினக்ஸைத் தெரிவுசெய்தாலும் இந்த நிலை மாறாது. அச்சடிப்பதே பிழைப்பு என்றால், உங்கள் பிரின்டருக்கு டிரைவர் உண்டா என்று உறுதிசெய்த பிறகே மேற்கொண்டு வாசியுங்கள்.

தமிழ். யூனிக்கோட் தமிழை எல்லா லினக்ஸும் நன்றாகவே காட்டும். அடிப்பதில்தான் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்99 பழகியவர்கள் அமைப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்கள் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவிக்கான எம்17என் பொதியை நிறுவ வேண்டும். அந்தப் பட்டியலுக்குள் ரெங்கநாதன், தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்றும் இருக்கும்.

மூன்றாவது வகைதான் இங்கே அதிகம். அவர்கள் பாமினி பழகியவர்கள். பாமினி ஓர் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. பழைய விண்டோஸ் கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து லினக்ஸில் இருமுறை சொடுக்கி நிறுவினால், இருபது வருடத்துப் பழைய கடிதங்களும் லிபர் ஒஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறக்கும், அடிக்கவும் முடியும். ஒரு சிக்கலை மட்டும் முதலே நிறுத்திவிடுங்கள். லிபர் ஒஃபிஸ் ஒவ்வொரு வசனத்தின் முதல் எழுத்தையும் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. "அம்மா" என்று வசனத்தைத் தொடங்கினால் "ஆம்மா" என்று வந்து நிற்கும். தானியங்கித் திருத்தத்தில் அந்த ஒரு தெரிவை நிறுத்தினால் போதும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் "லினக்ஸில தமிழ் பிழையா விழுது" என்று விண்டோஸுக்குத் திரும்பிய தட்டச்சாளர் ஒருவரை எனக்குத் தெரியும்.

மின்சாரம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த நாட்களை யாரும் மறக்கவில்லை. இன்று நிலைமை அப்படி இல்லை, ஆனாலும் மழைக்காற்றுக்குக் கரண்ட் போகும். பழைய லாப்டாப்பின் பற்றரியும் அநேகமாகச் செத்திருக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை திடீர் நிறுத்தத்தை நன்றாகவே தாங்கும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால்தான் மென்பொருள் பொதிகள் பாதியில் தொங்கும். அதைச் சரிசெய்ய ஒரு கட்டளை போதும், ஆனால் அந்தக் கட்டளை தெரிந்த ஒருவர் வேண்டும்.

கேட்க ஒரு ஆள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக நிறை கொடுப்பேன். உங்கள் ஒழுங்கையில், வேலையிடத்தில், சொந்தத்துக்குள் யாராவது உபுண்டு பாவித்தால், உங்களுக்கும் உபுண்டுதான் நல்ல லினக்ஸ். ஞாயிறு பின்னேரம் சைக்கிளில் வந்து பார்க்கக்கூடிய ஒரு ஆளுக்கு எந்தப் புதுமையும் ஈடில்லை.

## லினக்ஸ் மிண்ட்

விண்டோஸை மட்டுமே கண்ட கைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் நேரம் என்று எல்லாம் தேடும் இடத்தில் இருக்கும். சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மூன்று பதிப்புகள், வித்தியாசம் திரைச்சூழலில். எக்ஸ்எஃப்சிஇதான் இலேசானது. 4 ஜிபி மெமரி என்றால் யோசிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். 8 ஜிபி இருந்தால் சினமன்.

மிண்ட் 22 வரிசை உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் வரும். உபுண்டுவுக்காக எழுதிய வழிகாட்டிகளும், உபுண்டு தெரிந்த ஆட்களும் இதற்கும் பயன்படுவது பெரிய ஆறுதல். டிரைவர் நிர்வாகி இதன் பலமான பகுதி. இணையமே இல்லாவிட்டாலும், நிறுவப் பாவித்த பென்ட்ரைவைச் செருகி வைத்தால், பிரோட்கொம் வைஃபை டிரைவரை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன வைஃபைச் சுழற்சி இங்கே வெட்டுப்படுகிறது. எந்த நாட்டுச் சேவையகம் வேகமாக வருகிறது என்று அளந்து தெரிவுசெய்யவும் உள்ளேயே ஒரு கருவி இருக்கிறது.

மறைவான செலவு இரண்டு. மென்பொருள் நிர்வாகியில் ஒரே செயலிக்குச் சிலவேளை இரண்டு வடிவம் தெரியும், ஒன்று சாதாரணப் பொதி, மற்றது ஃப்ளட்பக். ஃப்ளட்பக்கைத் தவறுதலாகத் தெரிவுசெய்தால், ஒரு சின்னச் செயலிக்காக அது தங்கி நிற்கும் நூலகங்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். ஹொட்ஸ்பொட்டில் இருப்பவருக்கு அது ஒரே இரவில் டேட்டாப் பொதியை முடித்துவிடும். இரண்டாவது, டைம்ஷிஃப்ட். கணினியின் நல்ல நிலையைப் படம்பிடித்து வைத்து, கெட்டால் அந்த நிலைக்குத் திருப்பும் அருமையான கருவி. ஆனால் 120 ஜிபி எஸ்எஸ்டியில் தினமும் எடுக்கும்படி விட்டால் இடம் நிரம்பிவிடும். கிழமைக்கு ஒன்று, மொத்தம் இரண்டு என்று வையுங்கள்.

புத்தம் புதிய வன்பொருளுக்கு மிண்ட் சற்றுப் பிந்தித்தான் வரும். போன மாதம் வாங்கிய லாப்டாப்பில் சத்தம் வரவில்லை, தொடுபலகை அசையவில்லை என்றால் குற்றம் உங்களுடையதல்ல. அந்த வன்பொருளை அறிந்த புதிய கேர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, இன்னும் அதற்குள் வரவில்லை.

## உபுண்டு

லினக்ஸ் என்றதும் இங்கே பலருக்கு நினைவு வரும் பெயர் இதுதான். 2004 ஒக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 24.04க்கு 2029 வரை அப்டேட் உண்டு. உபுண்டு ப்ரோவில் பதிந்தால் பத்து வருடம், ஐந்து கணினி வரை சொந்தப் பாவனைக்கு இலவசம். பல நிறுவனங்கள் தங்கள் லினக்ஸ் மென்பொருளை முதலில் சோதிப்பது உபுண்டுவில்தான். சூம் போன்றவை தடையின்றி நிறுவப்படும். கம்பஸ் பாடத்துக்கோ வேலைக்கோ சேவையகம், கிளவுட் பக்கம் போக இருப்பவருக்கு இங்கே கற்றது அப்படியே கைகொடுக்கும்.

ஆனால் பழைய லாப்டாப்புக்கு இதை நான் எளிதில் சொல்வதில்லை. இறக்கும் கோப்பே ஏறக்குறைய 6 ஜிபி. க்னோம் என்ற இதன் திரைச்சூழல் 4 ஜிபி மெமரியில் ஓடும், ஓடி முடிய உங்கள் பிரவுசருக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஃபயர்ஃபொக்ஸ் உட்படப் பல செயலிகள், தங்கி நிற்கும் நூலகங்களையும் சேர்த்துக் கட்டிய ஸ்னப் வடிவில் வருகின்றன. பழைய ஹார்ட்டிஸ்க்கில் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும், பழைய பதிப்பையும் கூடவே வைத்திருந்து இடம் பிடிக்கும், தன் பாட்டில் அப்டேட் ஆகும். அளவிடப்பட்ட இணைப்பில் ஸ்னப் காத்திருக்க வேண்டுமென்றால் அதற்கென ஒரு கட்டளை தனியாகக் கொடுக்க வேண்டும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. 24.04இல் இயல்பான தெரிவு சுருக்கமானது. அப்படியே அழுத்திக்கொண்டு போனால் லிபர் ஒஃபிஸ் இல்லாத உபுண்டு கிடைக்கும். பிறகு கடிதம் அடிக்க உட்காரும்போதுதான் தெரியவரும். விரிவான தொகுதியைத் தெரிவுசெய்யுங்கள். டிரைவர்களுக்கும் காணொளி வடிவங்களுக்குமான இரண்டு பெட்டிகளிலும் சரி அடையாளம் போடுங்கள்.

இன்டெல் பதினோராம் தலைமுறை, அதற்குப் பிந்திய சில லாப்டாப்களில் நிறுவப் போகும்போது, டிஸ்க்கே இல்லை என்று நிற்கும். டிஸ்க் பழுதாகவில்லை. கணினி எழும்பும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் முறை இயங்குகிறது. அதை ஏஎச்சிஐக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும். விண்டோஸையும் கூடவே வைத்திருப்பவர், அதை மாற்றும் முன் விண்டோஸைத் தயார்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் எழும்பாது. இது உபுண்டுவுக்கு மட்டுமல்ல, நான்குக்கும் பொது.

## டெபியன்

உபுண்டுவுக்கும் மிண்டுக்கும் தாய்வீடு இது. 1993இல் தொடங்கிய திட்டம், பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. 2025 ஓகஸ்டில் டெபியன் 13 வந்தது. மூன்று வருட முழு ஆதரவும் இரண்டு வருட நீடித்த ஆதரவும் சேர்ந்து 2030 வரை நிற்கும்.

நான் டெபியனை மதிக்கக் காரணம் அதன் அமைதி. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் தேவையான பாதுகாப்பு அப்டேட் தவிர வேறெதுவும் வந்து தட்டாது. மாத டேட்டாச் செலவு மிகக் குறைவு. எக்ஸ்எஃப்சிஇயோடு பழைய பெட்டியில் இலேசாக ஓடும். சுன்னாகத்து ஆசிரியரின் எட்டுக் கணினிகள் போன்ற இடத்தில் இதற்கு இணை இல்லை. ஏறக்குறைய 4 ஜிபி அளவான டிவிடி வடிவத்தை ஒருமுறை இறக்கி, அதே பென்ட்ரைவால் எட்டிலும் இணையமே இல்லாமல் திரையோடு நிறுவலாம். ஒரு கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற மென்பொருளை வைத்து மற்ற ஏழையும் அதன் வழியாகப் போகச் செய்தால், ஒவ்வொரு அப்டேட்டும் இணையத்திலிருந்து ஒருமுறைதான் இறங்கும். எட்டு மடங்கு டேட்டா ஒன்றாகக் குறைகிறது. ஸ்னப்பும் ஃப்ளட்பக்கும் இந்த வழியில் சேமிக்கப்படுவதில்லை, அதனால்தான் ஆய்வுகூடத்துக்கு டெபியன் என்கிறேன். உயர்தர ஐசிடிக்கு வேண்டிய பைத்தன், தரவுத்தள மென்பொருள் எல்லாம் களஞ்சியத்தில் இருக்கின்றன.

இதன் தொல்லைகள் எல்லாம் முதல் நாளில் வருபவை, தெரிந்து வைத்தால் தாண்டிவிடலாம். நிறுவும்போது ரூட் எனப்படும் முழு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கேட்கும். அதைக் கொடுத்தால் உங்கள் கணக்குக்கு நிர்வாக உரிமை கிடைக்காது, முதல் மென்பொருளை நிறுவப் போகும்போதே "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று மறிக்கும். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், உரிமை உங்கள் கணக்குக்கு வரும். டிவிடி வடிவத்தில் நிறுவினால், பிறகு எதை நிறுவப் போனாலும் "டிஸ்க்கைப் போடு" என்று கேட்கும். மென்பொருள் மூலப் பட்டியலில் டிஸ்க்கைக் குறிக்கும் அந்த ஒரு வரியை நீக்க வேண்டும். சிறிய வலை நிறுவிக் கோப்பு 1 ஜிபிக்குள் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், மிச்சத்தை நிறுவும்போது இணையத்திலிருந்துதான் இழுக்கும்.

வைஃபைக்குத் தேவையான ஃபெர்ம்வெயர், அதாவது சிப்புக்குள் ஏற்றும் சிறு மென்பொருள், 2023இன் டெபியன் 12 முதல் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு முன் டெபியனை முயன்று கசந்தவர்கள் இன்னொருமுறை பார்க்கலாம். பிரோட்கொம் சிப்களுக்கான அந்தத் தனி டிரைவரை மட்டும் இன்னமும் நாமே சேர்க்க வேண்டும், மிண்ட் மாதிரிக் கையில் எடுத்துத் தராது. 32 பிட் மட்டும் ஓடும் மிகப் பழைய பெட்டி உங்களிடம் இருந்தால், 13ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவி இல்லை. 12ஐப் போட்டு 2028 வரை ஓட்டலாம்.

## ஃபெடோரா

கம்பஸ் பெடியனின் புதிய லாப்டாப்புக்கு நான் சொன்னது இதை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, எப்போதும் புதிய கேர்னல், அதனால் புதிய வைஃபை, புதிய திரை, புதிய சிப் எல்லாவற்றையும் முதலில் அறிவது இதுதான்.

விலை என்னவென்றால் ஓய்வில்லாத அப்டேட். ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதமே ஆதரவு. வருடத்துக்கு ஒருமுறையாவது முழுப் பதிப்பையும் மாற்ற வேண்டும், அதற்குப் பல ஜிபி போகும். சில காணொளி வடிவங்களுக்கு ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். மற்ற மூன்றிலும் மென்பொருள் நிறுவப் பாவிக்கும், ஆப்ட் என்று தொடங்கும் கட்டளைகள் இங்கே செல்லாது, டிஎன்எஃப் வேண்டும். ஊரில் லினக்ஸ் தெரிந்தவர் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் உபுண்டு வழிதான் சொல்லுவார்கள். ஃபைபர் இணைப்பும், தானே தேடிப் படிக்கும் விருப்பமும் உள்ளவருக்கு மட்டும்.

## ஒரு பார்வையில்

| | மிண்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ | உபுண்டு 24.04 | டெபியன் 13 | ஃபெடோரா |
|---|---|---|---|---|
| இறக்கும் அளவு | 3 ஜிபிக்குள் | ஏறக்குறைய 6 ஜிபி | டிவிடி ஏறக்குறைய 4 ஜிபி | 3 ஜிபிக்குள் |
| 4 ஜிபி மெமரியில் | நன்று | சிரமம் | நன்று | சிரமம் |
| மாத டேட்டா | நடுத்தரம் | கூட | குறைவு | மிகக் கூட |
| ஆதரவு | 2029 | 2029, ப்ரோவில் 2034 | 2030 | 13 மாதம் |
| பழைய பிரோட்கொம் வைஃபை | எளிது | இணையம் இருந்தால் எளிது | கைவேலை | கைவேலை |
| உள்ளூரில் உதவி | உண்டு | நிறைய | கொஞ்சம் | அரிது |

## விண்டோஸை அழிப்பதா, பக்கத்தில் வைப்பதா

எந்த லினக்ஸ் என்பதைவிட அதிகம் பேரை அழவைப்பது இந்தத் தெரிவு.

இரண்டையும் ஒன்றாக வைத்தால் சில எரிச்சல்கள் நிச்சயம். லினக்ஸ் கணினியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வாசிக்கும். பின்னேரம் மூன்றரைக்கு விண்டோஸைத் திறந்தால் காலை பத்து மணி என்று காட்டும். அந்த ஐந்தரை மணித்தியாலம் நம் நாட்டு நேர வித்தியாசம். கடிகாரப் பற்றரி செத்துவிட்டது என்று நினைத்து மாற்றியவர்களும் உண்டு. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தில் வைக்க ஒரு கட்டளை போதும். விண்டோஸின் வேகத் தொடக்கம் இயங்கினால், அதன் டிஸ்க் பகுதியை லினக்ஸ் வாசிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. வேகத் தொடக்கத்தை விண்டோஸுக்குள் போய் நிறுத்துங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கலாம். கணினி எழும்பும்போது காவல் பார்க்கும் செக்யூர் பூட் அமைப்பில் கைவைத்தவுடன் நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கடதாசியில் எழுதி வைக்காமல் தொடங்கவே வேண்டாம்.

முழுதாக அழித்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஆனால் அழித்தது திரும்பாது. நானே ஒருமுறை அவசரத்தில் டிஸ்க் பகுதியை மாறித் தெரிவுசெய்து, தங்கச்சியின் கல்யாணப் படங்கள் இருந்த இடத்தை அழித்தேன். கனடாவில் சித்தியிடம் ஒரு பிரதி இருந்ததால்தான் அந்தப் படங்கள் இன்று இருக்கின்றன. அன்று தொடக்கம், வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி மேசைக்கு அப்பால் வைத்த பிறகே யாருடைய கணினியிலும் கைவைக்கிறேன்.

இரண்டுக்கும் முன்னால் மூன்றாவது வழி இருக்கிறது. வென்டோய் என்ற கருவியைப் பென்ட்ரைவில் நிறுவி, மிண்டையும் ஃபெடோராவையும் டெபியனின் லைவ் வடிவத்தையும் ஒன்றாகப் போட்டு, நிறுவாமலே ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். பெட்டியில் எதுவும் மாறாது. வைஃபை வருகிறதா, பிரின்டரில் ஒரு பக்கம் விழுகிறதா, சத்தம் கேட்கிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா என்று அரை நாள் பாருங்கள். பென்ட்ரைவில் மெதுவாகத்தான் ஓடும், அந்த வேகத்தை வைத்து மதிப்பிட வேண்டாம். பழைய பெட்டிக்குச் செய்யக்கூடிய ஒரே நல்ல செலவு, ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவது. நான்கு லினக்ஸுக்கும் இடையிலுள்ள வேக வித்தியாசம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

## நால்வருக்கும் சொன்னது

கொக்குவில் மாமாவுக்கு மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தேன். பிரான்ஸ் லாப்டாப் என்பதால் விசைகள் பிரெஞ்சு முறையில் இருந்தன. ஏ இருக்கும் இடத்தில் கியூ, டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட், இலக்கத்துக்கு ஷிஃப்ட். இப்படி வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகள் இங்கே ஏராளம். நிறுவும்போது விசைப்பலகையைச் சரியாகத் தெரிவுசெய்யாவிட்டால், அன்று வைத்த கடவுச்சொல்லை மறுநாள் அதே விசைகளில் அடித்தும் உள்ளே போக முடியாமல் போகலாம். பெயர் எழுதும் பெட்டியில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கடவுச்சொல்லுக்குப் போக வேண்டும். "தம்பி, நான் எழுத்தைப் பாத்து அடிக்கிறேல்லை, கை தானாப் போகும்" என்றார் மாமா, அரச அலுவலகத்தில் தட்டச்சுச் செய்தவர். அதனால் அமெரிக்க ஆங்கில விசைப்பலகையையே வைத்து, விசைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினோம். தமிழுக்கு ரெங்கநாதன்.

ஆசிரியருக்கு டெபியன். "சேர், முதல் நாள் முழுக்க நானும் வந்து இருக்கிறன்" என்று சொல்லித்தான் தொடங்கினோம். எட்டில் ஆறு ஒரே நாளில் முடிந்தன. ஒன்றுக்கு மெமரித் தகடு பழுது. மற்றதன் பவர் சப்ளை சத்தம் போட்டது, அதற்கு எந்த லினக்ஸும் மருந்தல்ல. உயர்தர வகுப்புப் பெடியள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அடுத்த பழுதுக்கு அவர்களே போதும் என்று நினைக்கிறேன்.

கம்பஸ் பெடியன் ஃபெடோராவைப் பென்ட்ரைவில் ஓட்டிப் பார்த்தான், எல்லாம் வேலை செய்தது. அவனுடைய பாடத்துக்கு ஒரு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதால் இரண்டையும் வைத்திருக்கிறான், மீட்புச் சாவி அவன் கொப்பியின் பின்னட்டையில் இருக்கிறது.

கடை அக்காவுக்கு லினக்ஸ் போடவில்லை. அவரிடம் இருப்பது கெப்ட் மொழி பேசும் பிரின்டர், பிள்ளைகள் கொண்டுவரும் பாதிக் கோப்புகள் வேர்டில் செய்தவை, மீதி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் காலத்தவை. பரீட்சைக் காலத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு முன்னால் எழுத்துரு மாறினால் அவர் யாரிடம் போவார்? முன் மேசைக் கணினியில் விண்டோஸ் 10ஐ ஒரு வருட நீடிப்பில் பதிந்தோம். பில் எழுதவும் இணையம் பார்க்கவும் உள்ள பின் மேசைக் கணினிக்கு மிண்ட் போட்டோம். புதுப் பிரின்டர் வாங்கும் நாளில், பெட்டியைப் பிரிக்க முன் மாதிரி இலக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.